மின் பகிர்மான வலையமைப்பைக் கணினியில் மாதிரியாக்குதல்: செட்டிநாட்டு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளுக்கு வழிகாட்டிய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மின்சுற்றுக் கோட்பாடும் பைத்தானும் ஓரளவு தெரிந்தவர்களை மனத்தில் கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. நிரலைக் காட்டிலும் தெருவில் நடந்து தரவு சேர்ப்பதைப் பற்றியே அதிகம் பேசப்பட்டிருப்பதாகச் சிலருக்குத் தோன்றலாம். அதை வேண்டுமென்றே செய்திருக்கிறேன்.

பகிர்மான வலையமைப்பு என்று எதைச் சொல்கிறோம்? அதற்கு மாதிரி எதற்கு?

துணைமின் நிலையத்திலிருந்து 11 அல்லது 22 கிலோவோல்ட் ஃபீடராகப் புறப்பட்டு, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 433 வோல்ட்டாக இறங்கி, மூன்று பேஸும் ஒரு நியூட்ரலுமாக நான்கு கம்பி எல்.டி. (தாழ்வழுத்த) லைனில் ஓடி, வீட்டு மீட்டரில் முடிகிற பகுதியையே பகிர்மான வலையமைப்பு என்கிறோம். ஒரு வீதியின் கடைசி வீட்டில் மாலை ஏழு மணிக்கு மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கலாம், கம்பியைத் தடிப்பாக்கலாம், டிரான்ஸ்பார்மரை வீதியின் நடுவுக்கு மாற்றலாம், அல்லது ஒரு பேஸில் குவிந்துகிடக்கும் சர்வீஸ்களை (வீட்டு இணைப்புகளை) மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை. எது குறையைத் தீர்க்கும் என்பதைக் கம்பத்தில் ஏறுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க மாதிரி உதவுகிறது.

எந்தக் கருவித்தொகுப்பை எடுத்துக்கொள்வது?

நாங்கள் இரண்டைப் பயன்படுத்துகிறோம், இரண்டும் இலவசம். பாண்டாபவர் என்பது ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகமும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய பைத்தான் நூலகம். பஸ் (லைன்களும் பளுக்களும் சேரும் இணைப்புப் புள்ளி), லைன், டிரான்ஸ்பார்மர், பளு ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அட்டவணையாக இருப்பதால், எக்செல் பழகிய மாணவர்கள் ஒரே வாரத்தில் கைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஓப்பன் டி.எஸ்.எஸ். அதைவிட மூத்தது, 1997-இல் தொடங்கப்பட்டு, பின்னர் அமெரிக்காவின் எப்ரி ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு வந்து, 2008-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. தனக்கென ஒரு கட்டளை மொழி வைத்திருந்தாலும் பைத்தானிலிருந்தும் அதை இயக்கலாம்.

22 கிலோவோல்ட் பக்கத்தை மட்டும் ஆராய்வதானால் பாண்டாபவர் போதும். தெருவின் எல்.டி. லைனை நியூட்ரலோடு சேர்த்து ஆராய வேண்டுமானால் ஓப்பன் டி.எஸ்.எஸ். தான் என் தேர்வு. பாண்டாபவரில் சமனற்ற மூன்று பேஸ் கணக்கீடு உண்டென்றாலும் நியூட்ரலைத் தனிக் கம்பியாக அது காட்டுவதில்லை. நம் தெருக்களிலோ குறை பெரும்பாலும் நியூட்ரலில்தான் இருக்கிறது.

எனக்குப் பைத்தான் சரியாக வராது. முடியுமா?

முடியும். அட்டவணையைப் படிப்பது, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு செயற்கூற்றை அழைப்பது, விடையை எழுதிவைப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

என்னென்ன தரவு வேண்டும்? எங்கிருந்து கிடைக்கும்?

கம்பங்களின் இடம், கம்பத்துக்குக் கம்பம் உள்ள தொலைவு, கம்பியின் அளவு, டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகை விவரம், ஒவ்வொரு வீடும் எந்தக் கம்பத்திலிருந்து எந்தப் பேஸில் சர்வீஸ் எடுக்கிறது என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். முதல் நான்கையும் ஒரு காலைப்பொழுதில் சேர்த்துவிடலாம். செட்டிநாட்டு ஊர்களின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக அமைந்திருப்பதால் தொலைவை அளப்பதில் நமக்குச் சிரமமே இல்லை. டிரான்ஸ்பார்மரின் கேவிஏ, மின்மறுப்புச் சதவீதம், வோல்டேஜ் விகிதம் ஆகியவற்றைப் பலகையில் படிக்கலாம். வேலிக்கு வெளியே நின்று செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், உள்ளே போக வேண்டாம்.

ஐந்தாவதுதான் ஆளைச் சோதிக்கும். எங்கள் முதல் திட்டப்பணியில், வாசல் எந்த வீதியைப் பார்க்கிறதோ அந்த வீதியிலிருந்தே சர்வீஸும் வரும் என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் நகரத்தார் வீடுகளில் பல, முகப்பு ஒரு வீதியிலும் பின்கட்டு அடுத்த வீதியிலுமாக நீண்டு கிடப்பவை. முன்வாசலைப் பார்த்து வடக்கு வீதி லைனில் நாங்கள் சேர்த்த மூன்று வீடுகளுக்கு மின்சாரம் உண்மையில் பின்கட்டுப் பக்கமாகத் தெற்கு வீதி டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதாவது வேறொரு வலையமைப்பிலிருந்து. பங்காளிகள் பலருக்குச் சொந்தமான வீடாக இருந்தால் ஒரே கதவிலக்கத்துக்குள் இரண்டு மூன்று இணைப்புகளும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சர்வீஸ் வயரையும் கம்பத்திலிருந்து சுவர் வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். எந்தப் பேஸ் என்பது கீழிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால், அந்தப் பகுதி லைன்மேனிடம் மரியாதையாகக் கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத விவரம் அவர் நினைவில் இருக்கும்.

கம்பியின் மின்தடையை எங்கே எடுப்பது?

பாண்டாபவரோடு வரும் ஆயத்தக் கம்பி வகைகள் ஐரோப்பியக் கேபிள்களும் கம்பிகளும் ஆகும். அவற்றில் பெயர் பொருந்துவதுபோல் தோன்றும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நம் லைன்களில் ஓடுவது எஃகு உள்ளீடு கொண்ட அலுமினியக் கம்பி. களத்தில் அதை இழைக் கணக்கில் சொல்வார்கள்: 7/2.59 என்றால் 2.59 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஏழு இழைகள். இந்தியத் தரநிலை 398-இன்படி 20 டிகிரி செல்சியஸில் 7/2.11 கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 1.394 ஓம், 7/2.59-க்கு 0.9289 ஓம், 7/3.35-க்கு 0.5524 ஓம் என்ற அளவுகளைக் கொண்டு உங்கள் சொந்த வகையை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

காரைக்குடி வெயிலில் பளு ஏந்தி நிற்கும் கம்பி 20 டிகிரியில் இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அலுமினியத்தின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 75 டிகிரியில் 7/2.59 கம்பியின் மின்தடை 1.13 ஓம் அளவுக்கு ஏறிவிடும்.

வீடுகளின் மின்பளுவை எப்படி மதிப்பிடுவது? பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே.

நம் வட்டாரத்துக்கே உரிய கேள்வி இது. எந்தப் பாடநூலும் நேராக விடை சொல்லாது.

ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத மின்கட்டண அட்டையே போதுமான தொடக்கம். 60 நாளில் 400 யூனிட் என்றால் சராசரிப் பளு 0.28 கிலோவாட். வீட்டின் உச்சப் பளு சராசரியைப் போல் நான்கு மடங்கு என்று கொண்டால் 1.1 கிலோவாட் ஆகிறது. எல்லா வீட்டுக்கும் உச்சம் ஒரே நிமிடத்தில் வருவதில்லை என்பதால், டிரான்ஸ்பார்மர் மட்டத்தில் இந்த உச்சங்களை அப்படியே கூட்டினால் மிகையாகிவிடும். கடைசிக் கம்பத்தில் இருக்கும் இரண்டு மூன்று வீடுகளுக்கோ அப்படியே கூட்டுவதுதான் நியாயம். வீடுகளின் எண்ணிக்கை குறையக் குறைய, உச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாய்ப்பு கூடுகிறது. மாணவர்கள் இந்த மிகையைக் குறைக்கும் ஒரே சுருக்கக் காரணியை லைன் முழுவதற்கும் போட்டுவிட்டு, லைன் முனையில் வோல்டேஜ் நன்றாக இருப்பதாக அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

பூட்டிய வீட்டின் கதை வேறு. ஆண்டில் பெரும்பகுதி அதன் பளு ஒரு காவல் விளக்கு. பிறகு ஒரு முகூர்த்தத்துக்கோ, சாந்திக்கோ, படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உறவுகள் வந்திறங்கும்போது, வளவு முதல் பின்கட்டு வரை விளக்கெரியும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றுக்கு ஏறக்குறைய 1.5 கிலோவாட் என்று வைத்தாலும், எட்டு ஏ.சி. ஓடினால் 12 கிலோவாட். 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் கொள்திறனில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே வீடு எடுத்துக்கொள்கிறது. அதே நாளில் அதே வீதியில் இன்னொரு வீட்டிலும் விசேஷம் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சராசரி ஒருபோதும் காட்டாது. ஆகவே நாங்கள் ஒவ்வொரு வீதிக்கும் இரண்டு நிலைகளைத் தனித்தனியே ஓட்டுகிறோம்: சாதாரண நாள் மாலை, முகூர்த்த நாள் மாலை. விசேஷ வீட்டில் ஜெனரேட்டர் வைப்பது வழக்கமாகிவிட்டதால் இரண்டாவது நிலை மிகையானது என்று வாதிடுவோரும் உண்டு. பந்தல் விளக்கு ஜெனரேட்டரில் ஓடினாலும் அறைகளின் ஏ.சி. பெரும்பாலும் லைனில்தான் ஓடுகிறது என்பதே நான் பார்த்தது.

கணினி தரும் விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 600 மீட்டர் நீளமுள்ள 7/2.59 எல்.டி. லைன், முனையில் பேஸ் ஒன்றுக்கு 30 ஆம்பியர், திறன் காரணி 0.85. சூடேறிய கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 1.13 ஓம். கம்பிகளுக்கிடையே 30 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கிடைமட்ட அமைப்புக்குத் தூண்டல் மறுப்பு 0.31 ஓம் அளவில் வரும். 1.13-ஐ 0.85-ஆலும், 0.31-ஐ அதே கோணத்தின் சைனான 0.53-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 1.12 ஓம், 0.6 கிலோமீட்டருக்கு 0.67 ஓம், 30 ஆம்பியருக்கு 20 வோல்ட் வீழ்ச்சி. டிரான்ஸ்பார்மர் முனையில் 240 வோல்ட் இருந்தால் கடைசி வீட்டுக்கு 220 கிடைக்கும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54-ஆவது விதி தாழ்வழுத்தத்துக்கு 6 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதித்தது. அதையே எங்கள் பயிற்சியில் உரைகல்லாக வைத்துக்கொள்கிறோம். 230 வோல்ட்டுக்கு அது 216 முதல் 244 வரை. ஆக, 220 தேறிவிடுகிறது.

அதே லைனில் 30 ஆம்பியர் ஒரே பேஸில் மட்டும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு பேஸிலும் எதுவும் இல்லை. மொத்தப் பளு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆயினும் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வர வேண்டியிருப்பதால், அதே தடிப்புள்ள நியூட்ரலில் இன்னொரு 20 வோல்ட் விழுகிறது. கடைசி வீட்டுக்கு 200 தான். பளு குறைந்தும் வோல்டேஜ் குறைகிற இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போட்ட பிறகே பலருக்குப் பேஸ் விவரத்தின் அருமை புரிகிறது.

இந்த இரண்டு விடைகளும் உங்கள் நிரலில் ஓரிரு வோல்ட் வித்தியாசத்துக்குள் வந்தால் மேலே போகலாம்.

கையால் போட்ட கணக்கில் 200 வருகிறது; ஓப்பன் டி.எஸ்.எஸ். 220 காட்டுகிறது. ஏன்?

நியூட்ரலை நீங்கள் பூமியோடு இணைத்துவிட்டீர்கள். ஓப்பன் டி.எஸ்.எஸ்.-இல் ஒரு பேஸ் பளுவுக்குக் கணு 1 (முதல் பேஸின் இணைப்பு முனை; நியூட்ரலுக்குக் கணு 4) என்று மட்டும் குறிப்பிட்டால், அதன் மறுமுனையை அது தானாகவே கணு 0-உடன், அதாவது மின்தடையே இல்லாத பூமியுடன், இணைத்துவிடும். திரும்பும் மின்னோட்டம் நியூட்ரல் கம்பியைத் தொடாமலே போய்விடுகிறது. ஒவ்வொரு பளுவுக்கும் 1, 4 என்று இரண்டு கணுக்களையும் எழுதுங்கள். டிரான்ஸ்பார்மரின் நட்சத்திரப் பக்கத்துக்கும் நான்காவது கணுவைக் கொடுங்கள். அந்த நான்காவது கணுவிலிருந்து 0-க்கு, மண் இணைப்பின் மின்தடையைக் காட்டும் ஒரு சிறிய உறுப்பைச் சேருங்கள். அதை விட்டுவிட்டால் நியூட்ரல் அந்தரத்தில் தொங்கும். தலைசிறந்த மாணவி ஒருத்தி மூன்று நாள் இந்தப் பிழையைத் தேடினாள். பிழையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பது பிறகு தெரிந்தது.

மாதிரி வோல்டேஜைக் கூட்டிக் காட்டுகிறது. வேறு காரணம் உண்டா?

உண்டு. ஓப்பன் டி.எஸ்.எஸ்.-இல் பளுவின் வோல்டேஜ் அதன் பெயரளவு வோல்டேஜின் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், மாறாத் திறனாக நீங்கள் கொடுத்த பளுவை அது மாறா மின்மறுப்பாக மாற்றிக்கொள்ளும். கணக்கீடு குவியாமல், அதாவது ஒரு விடையில் நிலைகொள்ளாமல், போவதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு அது. வோல்டேஜ் நன்றாக உள்ள நாட்டில் யாருக்கும் இது தெரிய வராது. 200 வோல்ட் தெருவிலோ, பளு இருப்பதைவிடக் குறைவாக மின்னோட்டம் எடுப்பதாகக் காட்டி, குறையை மூடிவிடும். அந்த எல்லையை 0.7 அளவுக்கு இறக்கி வையுங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி., தொலைக்காட்சி போன்றவை மாறாத் திறன் வகைக்கும், அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் போன்றவை மின்மறுப்பு வகைக்கும் நெருக்கமானவை.

இன்னொன்று: ஓப்பன் டி.எஸ்.எஸ். அமெரிக்காவில் பிறந்தது, நீங்கள் சொல்லாவிட்டால் அலைவெண்ணை 60 ஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். கோப்பின் முதல் வரிகளிலேயே 50 என்று அறிவித்துவிடுங்கள். பாண்டாபவர் இயல்பாகவே 50 ஹெர்ட்ஸ்தான்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் நேர்வதுண்டு. டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்தை 400 வோல்ட் என்று எழுதுவோர் பலர். பெயர்ப்பலகை 433 என்கிறது. பளுவில்லாதபோது பேஸுக்கு 250 வோல்ட் கிடைத்தால்தான் வழியில் விழுவது போக மீதி வீட்டுக்கு வந்து சேரும் என்பதற்காக வைத்த அளவு அது. 400 என்று எழுதினால் தொடக்கத்திலேயே 19 வோல்ட்டைத் தொலைத்துவிடுகிறீர்கள்.

கணக்கீடு குவியவில்லை என்று பாண்டாபவர் நின்றுவிடுகிறது.

பத்தில் எட்டு முறை அலகுப் பிழைதான். பளுவை அது மெகாவாட்டில் கேட்கிறது. 5 கிலோவாட் வீட்டுக்கு 0.005 என்று எழுத வேண்டும். 5 என்று எழுதினால் ஒரு வீட்டுக்குள் ஒரு சிறு தொழிற்சாலையையே வைத்துவிட்டீர்கள். கம்பியின் மின்னோட்ட எல்லை கிலோஆம்பியரில், டிரான்ஸ்பார்மரின் அளவு மெகாவோல்ட் ஆம்பியரில். அடுத்து, எதோடும் இணையாமல் தனித்து நிற்கும் பஸ்ஸையும் சுழி நீளமுள்ள லைனையும் தேடுங்கள். இவற்றைக் கண்டுபிடிக்கவே அந்த நூலகத்தில் ஒரு நோயறிச் செயற்கூறு இருக்கிறது. அதை முதலில் ஓட்டுங்கள்.

புதுவயல் பக்கத்து அரிசி ஆலை மோட்டாரை எப்படிச் சேர்ப்பது?

ஓடும் நிலைக்குச் சாதாரணப் பளுவாக, 0.8 அளவுத் திறன் காரணியோடு சேர்க்கலாம். கப்பாசிட்டர் இருந்தால் அதைத் தனி உறுப்பாகக் காட்டுங்கள். தொடங்கும் நொடிக்கு வேறு கணக்கு. 20 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் 28 ஆம்பியர் எடுக்கும்; நேரடியாகத் தொடங்கினால் ஆறு மடங்கு, அதாவது 168; ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அதன் மூன்றில் ஒரு பங்கு, 56. அந்த மின்னோட்டத்தை மாறா மின்மறுப்பாக வைத்து ஒரு கணநிலையை மட்டும் ஓட்டினால் பக்கத்து வீட்டு விளக்கு எவ்வளவு மங்கும் என்பது தெரிந்துவிடும்.

கூரை சோலாரைச் சேர்த்தால் என்ன மாறும்?

திசை மாறும். 2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று வந்ததிலிருந்து இந்தக் கேள்வியும் வரத் தொடங்கியது. மேலே சொன்ன 600 மீட்டர் லைனில் பத்து வீடுகள் தலா 3 கிலோவாட் வைத்து, நண்பகலில் எல்லா வீடும் சேர்ந்து 5 கிலோவாட் மட்டும் பயன்படுத்தினால், 25 கிலோவாட் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பி ஓடும். பேஸுக்கு 36 ஆம்பியர். வீடுகள் லைன் நெடுகப் பரவியிருந்தால் முனையில் ஏறத்தாழ 12 வோல்ட் கூடும். டிரான்ஸ்பார்மரோ பளுவில்லாததால் 245-க்கு மேல் நிற்கிறது, முனையில் 257. மாலையில் காப்பாற்றிய அந்த 433 நண்பகலில் எதிரியாகிறது. ஆகவே சோலார் ஆய்வை ஒற்றைக் கணநிலையாகச் செய்யாமல், 15 நிமிடத்துக்கு ஒன்றாக நாளுக்கு 96 கணநிலைகளாக ஓட்டுங்கள். இரண்டு கருவிகளிலும் இதற்கு வசதி உண்டு.

பூட்டிய வீட்டின் மேல் வைத்த சோலார், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் பளுவே இல்லாத மின்நிலையம் என்பதை நம் ஊர் மாதிரியில் மறக்கவே கூடாது. நாட்டு ஓட்டுச் சரிவுகளைத் தவிர்த்து மொட்டைமாடிப் பரப்பை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். பாட்டரி சேர்ப்பதானால் அதன் வேதியியலுக்குக் காரைக்குடியிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நம் மாதிரிக்கு அது கிலோவாட், கிலோவாட் மணி, செயல்திறன் என்ற மூன்று எண்கள் கொண்ட ஒரு பெட்டி.

சொந்த ஊர்த் தரவு சேரும் வரை எதை வைத்துப் பழகுவது?

ஐஇஇஇ என்ற பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பு வெளியிட்ட ஐரோப்பியத் தாழ்வழுத்தச் சோதனை ஃபீடரை எடுங்கள். 50 ஹெர்ட்ஸ், 416 வோல்ட், 55 வீடுகள், நிமிடத்துக்கு ஒரு பளு அளவு என்று நம் தெருவுக்கு நெருங்கியது அதுவே. எல்லோரும் காட்டும் 13 கணு ஃபீடர் 4.16 கிலோவோல்ட் அமெரிக்க அமைப்பு. மொழியைப் பழக மட்டும் உதவும்.

களத்தில் நானே அளவெடுக்கலாமா?

உங்கள் வீட்டுப் பிளக்கில் வோல்டேஜைப் பதிவுசெய்யலாம். வீதியின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று வீடுகளில் ஒரு வாரம் பதிவு கிடைத்தாலே மாதிரியைச் சரிபார்த்துவிடலாம். டிரான்ஸ்பார்மரில் டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) மாட்டுவது மின்வாரிய ஊழியரின் வேலை. உதவிப் பொறியாளருக்குக் கல்லூரி வழியாகக் கடிதம் கொடுத்து, அவர்கள் அளக்கும்போது உடனிருந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸோடு நியூட்ரலையும் அளக்கச் சொல்ல மறக்காதீர்கள். அறிக்கையில் இணைப்பு எண்ணையோ வீட்டுக்காரர் பெயரையோ போடாமல், கம்ப எண்ணும் வரிசை எண்ணும் மட்டும் போடுங்கள். ஆண்டில் எந்த மாதம் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற பட்டியலும் உங்கள் பளுக் கோப்புக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள்.